தினமும் வரைந்தால் பொறுமை வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வருபவர்களில் பலருக்கு ஓவியர் ஆகும் எண்ணம் கிடையாது. "ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, எதைத் தொடங்கினாலும் பாதியில் விட்டுவிடுகிறேன், இதாவது என்னை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவருமா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். நானும் பதினோரு ஆண்டுகளாகத் தினமும் வரைகிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம்.

எனக்குப் பொறுமையே கிடையாது. நான் வரைய முடியுமா?

முடியும். பொறுமை வந்த பிறகு வரைகிறேன் என்பது, நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்குகிறேன் என்பது போல.

வகுப்பில் வருடக்கணக்காக ஒன்றைப் பார்த்துவருகிறேன். பொறுமை இல்லை என்று சொல்கிறவர்களும் முதல் ஐந்து நிமிடம் நன்றாகவே உட்காருகிறார்கள். பொறுமை போவது ஒரு குறிப்பிட்ட இடத்தில். எதிரே இருக்கும் பொருளும் தாளில் இருக்கும் படமும் ஒத்துப்போகாத அந்தக் கணத்தில் கை அவசரப்படும். போட்ட கோட்டின் மேலேயே இரண்டாவது கோடு, அதன் மேல் மூன்றாவது, அதுவும் அழுத்தி. கண் தாளை விட்டு நகராது. தப்பு தாளில் இருப்பதால் தாளையே முறைத்துக்கொண்டிருப்போம். ஆனால் சரியான பதில் இருப்பது எதிரே இருக்கும் பொருளில்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பென்சிலைத் தாளிலிருந்து தூக்குங்கள். பொருளைப் பாருங்கள். பார்த்த பிறகு கோடு போடுங்கள். மூன்று நான்கு விநாடி ஆகும், அவ்வளவுதான். பதினைந்து நிமிடம் வரைந்தால் இப்படி இருபது முப்பது முறை தூக்கிப் பார்க்க வேண்டிவரும். நான் பொறுமைப் பயிற்சி என்று சொல்வது இந்த இருபது முப்பது முறையைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சித்திரமும் கைப்பழக்கம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கை பழகுவது உண்மைதான். ஆனால் என் அனுபவத்தில் கண் முதலில் பழகுகிறது, கை அதன் பின்னால் வருகிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வரைய வேண்டும்?

பதினைந்து நிமிடம். தொடங்கும் ஆர்வத்தில் எல்லோரும் ஒரு மணி நேரம் என்று முடிவு செய்வார்கள். முதல் வாரம் நடக்கும். இரண்டாவது வாரத்தில் வேலை அதிகமான ஒரு நாள் வரும். "இன்றைக்கு ஒரு மணி நேரம் கிடைக்காது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று அன்றோடு நின்றுவிடும். பதினைந்து நிமிடத்துக்கு அந்தச் சாக்கு சொல்ல முடியாது.

1400-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் ஓவியக் கையேடு எழுதிய சென்னினோ சென்னினி, பட்டறையில் பழகும் மாணவனுக்குச் சொன்ன அறிவுரைகளில் இதுவும் ஒன்று: தினமும் ஏதாவது வரை, எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்குப் பலன் உண்டு. ஓவியத்தைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டவனுக்கே அந்தச் சலுகை இருந்தது. நமக்கு ஏன் கூடாது?

டைமர் வைத்துக்கொள்ளுங்கள். அது அடித்ததும் நிறுத்திவிடுங்கள், படம் நன்றாக வந்துகொண்டிருந்தாலும் சரி. இதைச் சொன்னால் வகுப்பில் எல்லோரும் எதிர்ப்பார்கள். ஆனால் ஆசை மிச்சம் இருக்கும்போது எழுந்தவர்கள்தான் மறுநாள் தானாக வந்து உட்காருகிறார்கள். களைத்துப்போய் எழுந்தவர்களுக்கு மறுநாள் நோட்டைத் திறக்கவே மனம் வருவதில்லை. மூன்று மாதம் போகட்டும், அப்புறம் நேரத்தைக் கூட்டலாம்.

இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை விட்டுவிடுவீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் வந்த ஒரு புத்தகத்தில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தன் புதிய முகத்துக்குப் பழகிக்கொள்ள ஒருவருக்குக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று எழுதினார். அதில் இருந்த 'குறைந்தது' என்ற சொல் நாளடைவில் உதிர்ந்துபோய், எண் மட்டும் விதியாகிவிட்டது.

இதை முறையாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும். 96 பேரிடம் ஆளுக்கு ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி 12 வாரம் பதிவு செய்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலை வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ மிகப் பெரியது: 18 நாளிலிருந்து 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது.

வரைவது தண்ணீர் குடிப்பதைவிட உடற்பயிற்சிக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டாவது நாள் காலையில் சோம்பலாக இருந்தால் உங்களிடம் குறை எதுவும் இல்லை.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சா?

இல்லை. முந்தைய கேள்வியில் சொன்ன லாலியின் ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விட்ட நாளைச் சரிக்கட்ட மறுநாள் முப்பது நிமிடம் உட்காருவதுதான் ஆபத்து. பயிற்சி அன்றிலிருந்து கடனாக மாறிவிடும். கடனைக் கண்டால் யாரும் ஒதுங்கத்தான் செய்வார்கள்.

காய்ச்சல், பயணம், வீட்டில் ஒரு பிரச்சினை என்று பதினைந்து நிமிடம்கூட இல்லாத நாட்கள் வரும். அன்று தேதியை எழுதி, அருகில் இருக்கும் ஏதாவது ஒரு விளிம்பைப் பார்த்து ஒரே ஒரு கோடு போட்டுவிட்டுப் படுங்கள். பழைய கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் எவ்வளவு வேலை இருந்தாலும் ஒரு கோடாவது இழுக்காமல் ஒரு நாளையும் கழித்ததில்லை என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஒரு கோடு போதும் என்பது அவ்வளவு பழைய விஷயம்.

காலையில் வரைவதா, இரவிலா?

எந்த நேரமானாலும் சரி, ஆனால் ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு காரியத்தோடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள். பல் தேய்த்ததும், வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும், இப்படி. 'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்துக்கொண்டவர்கள் யாரும் என் வகுப்பில் இரண்டு மாதம் தாண்டியதில்லை.

என்னென்ன வாங்க வேண்டும்?

கோடில்லாத ஒரு நோட்டு, ஒரு 2பி பென்சில், ஒரு ஷார்ப்னர். நோட்டு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம். நல்ல தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே கை இறுகிப்போகும்.

பென்சிலில் எச் என்றால் கடினம், பி என்றால் கருமை. நிக்கோலா ஜாக் கோன்தே என்ற பிரெஞ்சுக்காரர் 1795-ல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் அடிப்படை. கிராஃபைட் பொடியையும் களிமண்ணையும் குழைத்துச் சுடுவார்கள். களிமண் கூடினால் கடினம், கிராஃபைட் கூடினால் மென்மை, கருமை. 2பி ஓரளவு மென்மையானது, லேசாகத் தொட்டால் சாம்பல் நிறம், அழுத்தினால் நல்ல கறுப்பு. ஒரே பென்சிலில் இவ்வளவு வரும்போது பன்னிரண்டு பென்சில் உள்ள பெட்டி எதற்கு? எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும்.

முடிந்தால் நோட்டை ஒரு பலகையில் வைத்துச் சாய்த்துப் பிடியுங்கள். மேசையில் தட்டையாக வைத்து வரைந்தால் தாளின் மேல்பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். படம் முடிந்து தூக்கிப் பார்க்கும்போது எல்லாம் நீண்டுபோய் இருக்கும்.

நீங்கள் ரப்பர் சொல்லவில்லையே?

வேண்டுமென்றேதான் விட்டேன். முதல் மூன்று மாதம் அழிப்பான் வேண்டாம்.

அழிக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தப்பான கோடு போனதும் மனம் லேசாகிவிடுகிறது. அந்த வேகத்தில் பொருளைப் பார்க்காமல் அதே இடத்தில் அதே தப்பை மறுபடி போடுகிறோம். நான்கு முறை அழித்துத் தாள் பஞ்சு பஞ்சாகிப்போன பிறகும் கோடு அங்கேயேதான் இருக்கும். அழிக்காமல் விட்டால் தப்பான கோடு ஓர் அளவுகோலாக நிற்கும். "இதற்குக் கொஞ்சம் வெளியே" என்று பக்கத்தில் சரியான கோட்டைப் போடலாம். தொடக்கத்தில் மிக லேசாக வரையுங்கள். நான்கைந்து லேசான கோடுகளில் எது சரி என்று தெரிந்ததும் அதை மட்டும் அழுத்தினால் மற்றவை தானாகப் பின்னால் போய்விடும்.

எதை வரைவது? தினமும் என்ன வரைவது என்று யோசிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

அந்த யோசனையையே எடுத்துவிடுங்கள். முதல் மாதம் முழுக்க ஒரே பொருள். கையில் எடுக்கும் அளவு, தினமும் பயன்பட்டுத் தேய்ந்தது எதுவானாலும் நல்லது. கத்தரிக்கோல், செருப்பு, சாவிக்கொத்து.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய பித்தளைப் பூட்டு. முதல் நாள் வரைந்ததை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு சதுரம், மேலே ஒரு வளைவு, நடுவில் சாவித் துவாரம். பூட்டு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அச்சடிக்கும் சின்னம் மாதிரி இருக்கும். என் பூட்டு அதில் இல்லை. நான்காவது நாள் அலுப்பு தட்டியது. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று மனம் சொன்னது. ஆறு, ஏழு, எட்டு என்று கடமைக்கு வரைந்தேன். ஒன்பதாவது நாள், மேலே வளைந்த கம்பியின் இரண்டு கால்களும் ஒரே தடிமனில் தெரியவில்லை என்பது கண்ணில் பட்டது. நான் சற்று இடது பக்கத்திலிருந்து பார்ப்பதால் ஒரு காலின் உள்பக்கம் மெல்லிய கீற்றாகத் தெரிகிறது, மறுகாலில் அது இல்லை. எட்டு நாளும் இரண்டையும் ஒரே மாதிரிதான் போட்டிருந்தேன்.

பதின்மூன்றாவது நாள் சாவித் துவாரத்தைப் பார்த்தேன். துவாரத்தின் வலது கீழ்ப்பக்கத்தில் மட்டும் விசிறி போல நூறு கீறல்கள். இடது பக்கம் வழவழவென்று இருந்தது. எத்தனையோ இரவுகள் இருட்டில் சாவி துவாரம் தேடித் தடவிய தடம் அது. வலது கையால் திறப்பதால் எல்லாம் ஒரே பக்கத்தில் விழுந்திருக்கின்றன. அன்று பதினைந்து நிமிடமும் அந்தக் கீறல்களை மட்டுமே வரைந்தேன். அதற்குப் பிறகு அந்த மாதத்தில் அலுப்பு என்ற பேச்சே இல்லை.

நான்காவது நாளுக்கும் ஒன்பதாவது நாளுக்கும் நடுவில் இருக்கும் அந்த வறண்ட நாட்கள்தான் இந்தப் பயிற்சியின் உயிர். தினம் ஒரு புதுப் பொருள் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த நாட்கள் உங்களுக்கு வரவே வராது.

தாளைப் பார்க்காமல் வரையும் பயிற்சி என்று ஒன்று உண்டாமே? அது எதற்கு?

கிமோன் நிக்கோலாய்டிஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியரால் பரவலான பயிற்சி அது. அவருடைய பாடங்கள் அவர் இறந்த பிறகு 1941-ல் புத்தகமாக வந்தன. முறை எளிது. உங்கள் இடது கையை மேசையில் வையுங்கள் (இடது கையால் வரைபவர் வலது கையை வைக்கலாம்). மணிக்கட்டின் விளிம்பில் ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்துங்கள். பென்சில் முனை அந்தப் புள்ளியையே தொட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண் விளிம்பில் ஊர்ந்து போகப்போக, பென்சிலும் அதே வேகத்தில் தாளில் ஊர வேண்டும். தாளைப் பார்க்கவே கூடாது.

வேகம் என்றால் எறும்பு வேகம். கட்டைவிரலின் முதல் மடிப்பு வரும்போது கண் தாவப் பார்க்கும், விடாதீர்கள். மடிப்புக்குள் இறங்குங்கள். அது ஒரு கோடு இல்லை, மூன்று நான்கு சின்னச் சின்னச் சுருக்கங்கள் ஒன்றையொன்று கடப்பது தெரியும். நகத்தின் ஓரத்தில் தோல் எழும்பி நிற்கும் மேடு தெரியும். ஐந்து நிமிடத்தில் ஒரு விரலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

முடித்துத் தாளைப் பார்த்தால் கை மாதிரியே இருக்காது. விரல்கள் எங்கெங்கோ போயிருக்கும். பரவாயில்லை. மேசையின் மூலையில் நின்று பார்க்கும்போது, இந்தப் பயிற்சி நடக்கும் ஐந்து நிமிடமும் வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது. நாற்காலியில் நெளிந்துகொண்டே இருப்பவர்கள்கூட அசையாமல் இருப்பார்கள். படம் நன்றாக வர வேண்டும் என்ற கவலையை எடுத்துவிட்டால் மனிதருக்கு எவ்வளவு கவனம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கும். அலைபாயும் நாட்களில் பதினைந்து நிமிடத்தில் முதல் ஐந்தை இதற்குக் கொடுங்கள்.

நடுவில் படம் கெட்டுப்போகிறது. கோபம் வந்து கிழித்துப்போடத் தோன்றுகிறது.

எல்லாப் படத்துக்கும் நடுவில் ஒரு அசிங்கமான கட்டம் உண்டு. பழகிய கைக்கும் உண்டு. அவர்களுக்கு அது கடந்துபோகும் என்று தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோபத்தை அடக்க முயல வேண்டாம். அதை ஒரு கேள்வியாக மாற்றுங்கள். "நன்றாக இல்லை" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "எங்கே சரியில்லை?" என்றால் தேட ஒரு இடம் கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஒரு குவளை. புதிதாக வரைபவர்கள் மேல் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை நேர்கோடாகப் போடுவார்கள். குவளை மேசையில் தட்டையாக நிற்கிறது என்று மூளைக்குத் தெரியும், அதனால் கை தட்டையாகப் போடுகிறது. படம் எங்கோ இடிக்கும், எங்கே என்று தெரியாது, கோபம் வரும். இப்போது குவளையைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது அடி விளிம்பும் வளைந்துதான் இருக்கிறது. அதுமட்டும் இல்லை, வாயின் வளைவைவிட அடியின் வளைவு கொஞ்சம் கூடுதல். கண் மட்டத்துக்குக் கீழே போகப்போக வட்டம் திறந்துகொண்டே போகும். குவளையைத் தூக்கி வாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் அந்த நீள்வட்டம் வெறும் கோடாகிவிடும். இதைக் கையில் வைத்து ஏற்றி இறக்கி ஒரு முறை பார்த்தவர், அடியைத் தட்டையாகப் போடவே மாட்டார்.

பாருங்கள், கோபம் வந்த இடத்தில்தான் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது. அதனால் கிழிக்காதீர்கள். சுருள் கம்பி போட்ட நோட்டில் கிழிப்பது சுலபம், தைத்த நோட்டு வாங்குங்கள்.

கை வலிக்கிறது. கோடும் நடுங்குகிறது.

பென்சிலை எழுதுவது போல முனைக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். இரண்டு மூன்று விரற்கடை பின்னால் தள்ளிப் பிடியுங்கள். நீளக் கோட்டுக்கு விரல் போதாது, தோளிலிருந்து கை முழுதும் நகர வேண்டும். இரண்டு புள்ளி வைத்து, தாளைத் தொடாமல் காற்றில் இரண்டு முறை போய்வந்து, மூன்றாவது முறை தாளில் இழுங்கள். தினமும் இப்படிப் பத்துக் கோடு போதும். அதற்குப் பிறகும் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியைத் தாங்குவது பொறுமையில் சேராது.

ஒன்றுமே வரையத் தோன்றாத நாளில் என்ன செய்வது?

ஒரு சதுரம் போட்டு அதை நிரப்புங்கள். தீப்பெட்டி அளவு சதுரம். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக லேசான கோடுகள் இழுத்து, எங்கும் திட்டு விழாமல் ஒரே சீரான சாம்பல் நிறம் கொண்டுவர வேண்டும். ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1857-ல் தொடக்கநிலை மாணவர்களுக்காக எழுதிய பாடங்களில் முதல் பயிற்சியே இதுதான். அவர் பேனாவால் செய்யச் சொன்னார், நாம் பென்சிலில் தொடங்கலாம். இதற்கு யோசனை வேண்டாம், கற்பனை வேண்டாம், மனநிலை வேண்டாம். செய்து பாருங்கள், அது கேட்கும் கவனம் கொஞ்சநஞ்சம் இல்லை. கை அவசரப்பட்டால் உடனே ஒரு கறுத்த திட்டாகத் தாளில் தெரிந்துவிடும்.

இரண்டு நிமிடத்தில் அற்புதமாக வரைந்து முடிக்கும் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

வரைந்து முடித்த பிறகு பாருங்கள், வரைவதற்கு முன்னால் வேண்டாம். பல மணி நேர வேலையை வேகமாக ஓட்டி இரண்டு நிமிடமாக்கியிருப்பார்கள். பென்சிலைத் தூக்கிவிட்டுப் பார்த்த நேரமெல்லாம் அதில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் உங்கள் கையின் சாதாரண வேகமே உங்களுக்குக் குற்றமாகத் தெரியும்.

போட்டோவைப் பார்த்து வரையலாமா?

வரையலாம். முதல் மூன்று மாதம் மட்டும் நேரில் இருக்கும் பொருளே நல்லது. போட்டோவில் கேமரா உங்களுக்காகப் பார்த்து முடித்துவிட்டது. நேரில் நீங்கள் தலையை அசைத்தால் விளிம்பு மாறும், மேகம் வந்தால் நிழல் மாறும், அந்தத் தொந்தரவு வேண்டும்.

போனில் பேசும்போதும் கூட்டங்களிலும் நிறையக் கிறுக்குவேன். அது கணக்கில் வருமா?

பயிற்சிக் கணக்கில் வராது, ஆனால் அதை நிறுத்தவும் வேண்டாம். ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பதிவைப் போட்டுக் காட்டினார். கேட்டுக்கொண்டே சின்ன வடிவங்களுக்கு நிழல் தீட்டிய பாதிப் பேருக்கு, சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் நின்றது. கிறுக்கல் காதுக்குத் துணை. நாம் பேசும் பயிற்சி கண்ணுக்கு.

இந்த வயதில் தொடங்கி என்ன ஆகப்போகிறது?

வான்கோ ஓவியராவது என்று முடிவு செய்தது 1880-ல், 27 வயதில். சார்ல் பார்க் என்பவர் தொகுத்த பயிற்சித் தாள்களை வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். இறந்துபோன 1890-ஆம் ஆண்டில்கூட, அதே கரிப் பயிற்சித் தாள்களை அனுப்பச் சொல்லித் தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். அவ்வளவு வரைந்த பிறகும் முதல் பாடத்துக்குத் திரும்பிப் போனதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

இருபத்தேழும் இளமைதானே என்பீர்கள். சரி, ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயைப் பாருங்கள். 1760-ல் பிறந்தவர். 1834-ல் வெளிவந்த ஃபியூஜி மலைப் படங்களின் பின்குறிப்பில், ஆறு வயதிலிருந்து வரைகிறேன், எழுபதுக்கு முன் வரைந்ததில் பொருட்படுத்தும்படி ஒன்றும் இல்லை, 73 வயதில்தான் பறவை, விலங்கு, பூச்சி, மீன் இவற்றின் அமைப்பு கொஞ்சம் பிடிபட்டது என்று எழுதினார். அதற்குப் பிறகும் எண்பதைத் தாண்டி, 1842, 1843-ல், தினமும் ஒரு சிங்கம் என்று தேதி போட்டு வரைந்துவந்தார். தீமையை விரட்ட அவர் செய்துகொண்ட அன்றாடக் காரியம் அது. அவற்றில் இருநூறுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. அவரிடம் போய் வயதைப் பற்றி என்ன கேட்பது?

என் பிள்ளை ஒரு இடத்தில் உட்காருவதில்லை. வரையவிட்டால் சரியாகுமா?

உட்காரவைப்பதற்கான கருவியாக வரைவதைப் பயன்படுத்தாதீர்கள், பாவம். பிள்ளைகள் நின்றுகொண்டு, தரையில் படுத்துக்கொண்டு, கதை சொல்லிக்கொண்டே வரைவார்கள். வரையட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பதினைந்து நிமிடத்தை வரையுங்கள். "என்ன வரைகிறாய்?" என்பதைவிட "இதைப் பற்றிச் சொல்லு" என்பது நல்லது. "ரொம்ப அழகு" என்று தினமும் சொல்லாதீர்கள். "இந்தச் சக்கரத்துக்கு ஆணிகூடப் போட்டிருக்கிறாயே" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். நாம் கவனித்துப் பார்க்கிறோம் என்பது தெரிந்தால் அவர்களும் பார்க்கத் தொடங்குவார்கள்.

வரைவதில் வரும் பொறுமை மற்ற வேலைகளிலும் வருமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

தானாக எல்லா இடத்துக்கும் பரவும் என்று சொல்ல மாட்டேன். வரையும்போது கல் மாதிரி உட்காரும் ஒருவர் போக்குவரத்து நெரிசலில் ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கலாம்.

ஆய்வுகளும் நாம் ஆசைப்படும் அளவுக்குச் சொல்வதில்லை. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் படம், களிமண், ஒட்டுப்படம் என்று விருப்பப்படி செய்தார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை அளந்தார்கள். ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது, முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் காட்டவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அது அன்றைய முக்கால் மணி நேரத்தைப் பற்றியது, ஒருவருடைய சுபாவத்தைப் பற்றியது இல்லை.

நான் கண்ணால் கண்டது வேறு ஒன்று. கணக்கு வேலை பார்க்கும் ஒரு அம்மா ஆறு மாதம் வந்த பிறகு சொன்னார்: "எண்கள் பொருந்தாமல் போனால் முன்பெல்லாம் முதலிலிருந்து வேகவேகமாகக் கூட்டுவேன். இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரசீதை ஒரு தடவை பார்க்கிறேன்." பென்சிலைத் தூக்கிவிட்டுப் பொருளைப் பார்க்கும் அதே அசைவு. அது அவருடைய மேசைக்கு இடம் மாறியிருக்கிறது. வேண்டுமென்று கவனித்தால் இந்த அசைவு இடம் மாறும் என்று நம்புகிறேன். அவர் கவனித்தார்.

முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரியும்?

நேற்றோடு இன்றை ஒப்பிட்டால் தெரியாது. சில வாரம் பின்னால் போனது போலவும் இருக்கும். பெரும்பாலும் அப்போது கண் முன்னேறியிருக்கும், கை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. தப்புகள் கூடவில்லை, முன்பு தெரியாத தப்பு இப்போது தெரிகிறது. இந்தக் கட்டத்தில் விட்டுவிட்டுப் போனவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். இரண்டு வாரம் தாண்டியிருந்தால் போதும்.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று முதல் மாதத்துப் பொருளையே எடுத்து வரையுங்கள். படத்தைப் பிறருக்கு அனுப்புவதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். பாராட்டு வந்தால் மறுநாள் அதே மாதிரி வரையத் தோன்றும், வராவிட்டால் வரையவே தோன்றாது.

நோட்டு முடிந்துவிட்டது. புது நோட்டின் முதல் பக்கத்தைத் தொடவே பயமாக இருக்கிறது.

எல்லோருக்கும் வரும் பயம். பழைய நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அதில் இருக்கும் பொருளை எடுத்து, அன்று வைத்த அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள். பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள். புது நோட்டில் மேல் மூலையில் இன்றைய தேதியை எழுதுங்கள். எழுதியாயிற்றா? இப்போது அந்தப் பக்கம் வெற்றுப் பக்கம் இல்லை. டைமரைப் பதினைந்துக்கு வையுங்கள்.